சைக்கிள் கேள்வி – பதில்: டாப் ட்யூபில் விரிசல், மலையேற இன்னும் பதினொரு நாள்

கேள்வி: கோவை சிங்காநல்லூரில் இருக்கிறேன், வயது 41. நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு கார்பன் ரோடு சைக்கிளை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, கோத்தகிரி, ஊட்டி, குன்னூர் சுற்றி மறுபடியும் மேட்டுப்பாளையம் வந்து சேர மூன்று நாள் திட்டம் போட்டிருக்கிறோம். ரூம் எல்லாம் புக் செய்தாயிற்று. போன ஞாயிறு எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சாய்த்து வைத்திருந்த சைக்கிள்மேல் பக்கத்தில் நின்ற பைக் சரிந்துவிட்டது. ஹேண்டில்பார் சுழன்று டாப் ட்யூபில் (சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் மேல்குழாய்) இடித்திருக்கிறது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெடிப்பு. வழக்கமாகப் போகும் கடையில் "வெறும் பெயிண்ட்தான் சார், தாராளமா ஓட்டுங்க" என்கிறார்கள். கூட வரும் நண்பரோ, "கார்பன் ஒரு தடவை விரிசல் விட்டால் குப்பைதான்" என்கிறார். கிளம்ப இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?
— பெயர் வேண்டாம், கோவை

பதில்: கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இதே கவலையோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரேக் லீவரின் முனை பட்ட இடம் பிறை மாதிரி தெரிகிறது. அதிலிருந்து சிலந்தி வலை போல நாலைந்து மெல்லிய கோடுகள். அவை பெயிண்டின் மேல்பூச்சில் மட்டும் இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு கோடு மட்டும் குழாயைச் சுற்றிக்கொண்டு அடிப்பக்கம் போகிறது. அந்தக் கோடுதான் எனக்குப் பிடிக்கவில்லை. படத்தை வைத்துக்கொண்டு அதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் கடைக்காரரும் கண்ணால் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். நண்பரோ சைக்கிளையே பார்க்காமல் சொல்லியிருக்கிறார். இரண்டுமே போதாது.

நான் ஃபைபர் வேலை கற்றது சைக்கிளில் இல்லை. எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் ஃபைபர் படகுகள் நிறைந்துவிட்டன. என் தாய்மாமா அந்தப் படகுகளைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். படகைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு நாணயத்தை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு, தட்டிக்கொண்டே நடப்பார். டிங் டிங் டிங் என்று வந்துகொண்டிருக்கும் சத்தம் ஓர் இடத்தில் டொப் என்று அடங்கும். அங்கே நின்று, முன்னும் பின்னும் மேலும் கீழும் தட்டி, சத்தம் மாறுகிற எல்லையைச் சாக்பீஸால் வட்டம் போடுவார். வெளியே பார்த்தால் அந்த வட்டத்துக்குள் ஒன்றுமே தெரியாது. அறுத்துத் திறந்தால் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து நிற்கும்.

கார்பன் ஃப்ரேமும் அதே சாதிதான். ஒரு கார்பன் இழை சுமார் 7 மைக்ரான் தடிமன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான இழைகளைத் துணி மாதிரி பரப்பி, எபாக்ஸி ரெசின் என்ற, கெட்டியாக இறுகுகிற பசையில் ஊறவைத்து, அடுக்கடுக்காக வைத்து இறுக்குகிறார்கள். சுமை எந்தத் திசையில் வரும் என்று கணக்குப் போட்டு அந்தத் திசைக்கு இழைகளை நிறுத்துகிறார்கள். நீங்கள் மிதிக்கிற மிதி, குழியில் விழுகிற அதிர்ச்சி எல்லாவற்றையும் அது தாங்கும். பக்கவாட்டில் ஒரு கூர்மையான இடி விழுவது அந்தக் கணக்கில் இல்லை. அதிலும் டாப் ட்யூபின் நடுப்பகுதியில் சுவர் பல ஃப்ரேம்களில் ஒரு மில்லிமீட்டர் சுற்றளவில்தான் இருக்கும். ஹேண்டில்பார் சுழன்று இடிப்பதுதான் அந்த இடத்துக்கு வழக்கமாக வருகிற அடி. ரிப்பேர் ஸ்டாண்டின் கவ்வியை அங்கே இறுக்கி உடைத்தவர்களும் உண்டு.

உங்களைச் செய்யச் சொன்னது நாலு காரியம். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்ப்பது. நகத்தை விரிசலுக்குக் குறுக்கே இழுத்துத் தட்டுகிறதா என்று பார்ப்பது. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு உற்றுப் பார்ப்பது. மேற்பரப்பில் இருப்பது நொடியில் ஆவியாகிவிடும், விரிசலுக்குள் இறங்கியது மட்டும் கருத்த கோடாகக் கொஞ்ச நேரம் நிற்கும். நாலாவது, நாணயம்.

நாணயத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். குழாய் இணையும் இடங்களில் சுவர் தடிமனாக இருப்பதால் அங்கே சத்தம் தானாகவே மாறும். அதைக் கேட்டுப் பயந்துவிடக் கூடாது. அதனால் வலது பக்கம் தட்டிய அதே இடத்தை இடது பக்கமும் தட்டி ஒப்பிட வேண்டும். ஐந்து ரூபாய் நாணயத்தின் விளிம்பால், மெதுவாக, ஒரே அழுத்தத்தில். தொலைவில் நல்ல இடத்தில் ஆரம்பித்து அடிபட்ட இடத்தை நோக்கி வர வேண்டும்.

நீங்கள் போனில் பதிவு செய்து அனுப்பிய அந்த நாற்பது வினாடியை நான் நாலைந்து தடவை கேட்டேன். இடது பக்கம் முழுக்க ஒரே மணிச் சத்தம். வலது பக்கம் நன்றாக வந்துகொண்டிருந்தது, விரிசலுக்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே செத்துப்போகிறது. தாண்டியும் அதே அளவு தூரம் அடைத்த சத்தம், பிறகு மறுபடியும் மணி. கண்ணுக்குத் தெரிகிற வெடிப்பு ஒரு ரூபாய் அளவு. உள்ளே அடுக்கு பிரிந்திருப்பது அதைப்போல மூன்று நாலு மடங்கு நீளம். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்கி 'டக்' என்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெயிண்ட் அப்படி உள்வாங்காது.

ஆகவே என் முடிவு: இந்த ஃப்ரேமில் மலையேற வேண்டாம், முக்கியமாக மலையிறங்க வேண்டாம். அதே மூச்சில் இதையும் சொல்கிறேன்: ஃப்ரேமைத் தூக்கிப் போடவும் வேண்டாம். டாப் ட்யூபின் நடுப்பகுதி, கார்பன் ஃப்ரேமிலேயே பழுது பார்க்க மிகவும் தோதான இடம். நேரான குழாய், சுற்றிலும் கை போகும், இணைப்பு எதுவும் பக்கத்தில் இல்லை. பின்சக்கரத்தைத் தாங்கும் செயின் ஸ்டே, சீட் ஸ்டே குழாய்கள் அதற்கு அடுத்தபடி. ஹேண்டில்பார் பொருந்தும் ஹெட் ட்யூபிலோ, பெடல் கிராங்க் சுழலும் பாட்டம் பிராக்கெட்டிலோ விரிசல் என்றால் நானே தயங்குவேன். ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை), ஸ்டீரர் (ஃபோர்க்கிலிருந்து ஹேண்டில்பாருக்கு ஏறும் தண்டு), ஹேண்டில்பார், சீட் போஸ்ட் இவற்றில் விரிசல் என்றால் மறுபேச்சு கிடையாது, மாற்றிவிட வேண்டும். அவை முறிந்தால் மனிதன் நேராக முகத்தில் விழுவான்.

"பதினொரு நாள் இருக்கிறதே, அதற்குள் ஒட்டிவிட முடியாதா" என்று இரண்டாவது கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஒட்ட முடியும். ஆனால் வேலை என்ன என்று தெரிந்தால் நீங்களே அவசரப்பட மாட்டீர்கள். முதலில் அடிபட்ட இடத்தைச் சுற்றி பெயிண்டை முழுக்க எடுக்க வேண்டும். பிறகு பிரிந்த அடுக்குகளை வாட்டர் பேப்பரால், தண்ணீர் விட்டுக்கொண்டே, ஆழமில்லாத தட்டு மாதிரி சரிவாகத் தேய்க்க வேண்டும். அந்தச் சரிவில்தான் புது இழைகளும் பழைய இழைகளும் கைகோக்கின்றன. சரிவு போதாமல் மேலே ஒரு துண்டு ஒட்டினால், சுமை வரும்போது அந்தத் துண்டு தனியாகக் கழன்று நிற்கும். அதன்மேல் கார்பன் துணி, ஒவ்வொரு அடுக்கும் கீழே உள்ளதைவிடக் கொஞ்சம் பெரிதாக, பழைய இழைகளின் திசையிலேயே. பிறகு இன்சுலேஷன் டேப்பைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி இறுக்கிச் சுற்றி, ஊசியால் குத்திக்குத்தி மிச்ச ரெசினை வெளியே வரவைக்க வேண்டும். முத்து முத்தாக ரெசின் அந்த ஓட்டைகளில் வந்து நிற்கும்போது உள்ளே காற்று இல்லை என்று தெரியும்.

அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டும். சாதாரண எபாக்ஸி ஒரே நாளில் கைக்குக் கெட்டியாகிவிடும். முழுப் பலம் வர அறைச் சூட்டில் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். கட்டுப்பாடான சூடு கொடுத்தால் சீக்கிரம் வரும். பிறகு தேய்த்து, பெயிண்ட் அடித்து, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, சமதளத்தில் இருநூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்து, மறுபடியும் நாணயம் தட்டிய பிறகுதான் மலை. பதினொரு நாளில் இதில் ஏதோ ஒன்றை நறுக்கத்தான் வேண்டிவரும். நறுக்கப்படுவது எப்போதும் காத்திருப்பதும் ஓட்டிப் பார்ப்பதும்தான்.

இதில் எங்கள் படகுக்காரர்கள் செய்கிற ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். படகுக்கு ஊற்றுவது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். அதில் அவசரமென்றால் ஹார்டனரை இரண்டு சொட்டுக் கூட்டினால் சீக்கிரம் இறுகும். எபாக்ஸியில் அது நடக்காது. அதில் ரெசினும் ஹார்டனரும் டப்பாவில் குறித்த விகிதத்தில் சேர்ந்துதான் இறுகுகின்றன. கூட்டினாலும் குறைத்தாலும் ரப்பர் மாதிரி நிற்கும். தராசு இல்லாமல் கண்ணளவில் ஊற்றுகிறவரிடம் ஃப்ரேமைக் கொடுக்காதீர்கள். இரண்டு வருஷம் முன்பு ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் ஒரு ஃப்ரேம் கொண்டுவந்தார். யாரோ பெயிண்டைக்கூட எடுக்காமல், வெள்ளை ஃபைபர் மேட்டைச் சுற்றி, பாலியெஸ்டர் ரெசின் அடித்துக் கொடுத்திருந்தார்கள். பார்க்கக் கட்டை மாதிரி உறுதியாக இருந்தது. பேனாக்கத்தி முனையை ஓரத்தில் விட்டு நெம்பினேன். வாழைப்பட்டை உரிகிற மாதிரி முழுசாக உரிந்து வந்துவிட்டது. அடியில் பழைய விரிசல் அப்படியே இருந்தது. அந்தப் பையன் அதில் ஒரு மாதம் ஓட்டியிருக்கிறான் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

என் பட்டறைக்கே அனுப்புங்கள் என்று சொல்ல இந்தப் பக்கத்தைப் பயன்படுத்த மாட்டேன். யாரிடம் கொடுத்தாலும் இவற்றைக் கேளுங்கள்: என்ன ரெசின், எத்தனை அடுக்கு, எவ்வளவு தூரம் தேய்ப்பீர்கள், எப்படி இறுக்குவீர்கள், சூடு கொடுப்பீர்களா, எத்தனை நாள் வைப்பீர்கள். வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விகளால் சந்தோஷப்படுவார். வேலைக்கு இடையில் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் நீங்களே தேய்த்துப் பார்க்க ஆசைப்பட்டால் முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது, சிராய் விரலில் ஏறினால் எடுக்கவே முடியாது.

இன்னொன்று. நீங்கள் டாப் ட்யூபை மட்டுமே பார்த்திருக்கிறீர்கள். நூற்றைம்பது கிலோ பைக் சரிந்து ஹேண்டில்பாரைச் சுழற்றியிருக்கிறது. ஹேண்டில்பாரையும் அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மையும் கழற்றி, கவ்வி இருந்த இடத்தைப் பாருங்கள். ஃபோர்க்கை இறக்கி ஸ்டீரரைத் துடைத்துப் பாருங்கள். பின் டிரேலரை (கியர் மாற்றும் கருவி) தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறதா பாருங்கள், அது அலுமினியம், மாற்றிக்கொள்ளலாம். 2006 பாரி–ரூபே சைக்கிள் பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்கபி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டீரர் முறிந்து, ஹேண்டில்பார் கையோடு வந்து, கீழே விழுந்தார். அந்த ஸ்டீரர் அலுமினியம், கார்பன் இல்லை. அதே பந்தயத்தில் அதற்கு முன்பே அவர் ஒரு தடவை விழுந்திருந்தார். விழுந்த சைக்கிளை எதில் செய்திருந்தாலும் முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

இனி பயணம். அதை நீங்கள் ரத்து செய்ய நான் விடமாட்டேன். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். இடையில் 33 கிலோமீட்டர். அந்த ஏற்றத்துக்கு யாரிடமாவது ஓர் அலுமினிய ரோடு சைக்கிள் இரவல் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். உங்களுடையதைவிட இரண்டு கிலோ கூட இருக்கும் என்பதுதானே கவலை? உங்கள் எடை 75 என்று எழுதியிருக்கிறீர்கள். சைக்கிளோடு 84. அதில் இரண்டு கிலோ கூடினால் நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. மூன்று மணி நேரத்தில் ஏறுகிறவருக்கு நாலைந்து நிமிடம் அதிகமாகும். குஞ்சப்பனையில் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லை.

கியரைப் பாருங்கள்: பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் 32 பல்லாவது இருக்கட்டும். உங்கள் சைக்கிளில் பாட்டம் பிராக்கெட் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை, சீட்டின் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் நடுப்பகுதி வரை, இரண்டு அளவையும் டேப்பால் எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரவல் சைக்கிளில் அதையே வையுங்கள். உங்கள் சீட், உங்கள் பெடல், உங்கள் ஷூ மூன்றையும் கழற்றி அதில் போட்டுக்கொள்ளுங்கள். உடம்பு தொடுகிற இடங்கள் பழகியவையாக இருந்தால் மூன்று நாள் இரவல் சைக்கிள் உறுத்தாது. கிளம்புவதற்கு முன் குறைந்தது இரண்டு காலை மருதமலை அடிவாரம் வரை ஓட்டிப் பாருங்கள். புது பிரேக் பேட் போடுங்கள். மூன்றாம் நாள் குன்னூரிலிருந்து இறங்கும்போது அதுதான் வேலை செய்யப்போகிறது. கல்லாறு பக்கம் யானை நடமாட்டம் உள்ள காடு. சைக்கிள் உடைந்து வண்டிக்காகக் காத்து நிற்கிற இடமில்லை அது. வெளிச்சம் இருக்கும்போதே தாண்டிவிடுங்கள்.

ஊட்டியிலிருந்து திரும்பி வந்தபின் ஃப்ரேமை நிதானமாகப் பழுதுக்குக் கொடுங்கள். அதற்கு முன் தயாரிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். சில நிறுவனங்கள் விபத்தில் சேதமான ஃப்ரேமுக்குப் பதிலாகக் குறைந்த விலையில் புதியது தருகின்றன. நீங்கள் இரண்டாவது உரிமையாளர் என்பதால் கிடைக்காமலும் போகலாம், கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. கேட்பதற்கு முன் பெயிண்டைத் தேய்க்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது கார்பன் ரிம், ரிம் பிரேக். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்க ஒரு கருகல் வாடை வருகிறது. இது சகஜமா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: சகஜமென்று விட்டுவிடாதீர்கள் அம்மா. அலுமினிய ரிம், பிரேக் பிடிக்கிற சூட்டைச் சீக்கிரம் காற்றில் விட்டுவிடும். கார்பன் ரிம் விடாது, பிரேக் பட்ட இடத்திலேயே சூடு தங்கும். சேலம் பக்கத்து ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் லீவரை லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் சூடு ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் ரெசின் இளகி, ரிம்மின் ஓரம் வெளியே விரியும். அப்போது டயர் கழலும், அல்லது ட்யூப் வெடிக்கும். முதலில் பேட் என்னவென்று பாருங்கள். கார்பனுக்கென்று வருகிற பேட் தவிர வேறெதுவும் கூடாது. பிறகு பழக்கத்தை மாற்றுங்கள்: வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, முழுக்க விட்டுவிடுங்கள், காற்றுப் படட்டும். இரண்டு வளைவுக்கு ஒரு தடவை நின்று ஆறவிட்டாலும் தப்பில்லை. ரிம்மின் ஓரத்தை விரலால் வருடிப் பார்த்து எங்காவது மேடு தட்டினால் அந்த வீல் இனி மலைக்கு வேண்டாம். மலைக்கென்று ஒரு ஜோடி அலுமினிய வீல் வைத்துக்கொள்வதுதான் என் விருப்பம்.

கேள்வி: காரின் பின்பக்க ரேக்கில் கார்பன் சைக்கிளை மாட்டி சென்னையிலிருந்து கொடைக்கானல் போகலாமா?
— அண்ணா நகர் வாசகர்

பதில்: போகலாம். வீலைப் பிடிக்கிற ரேக்காக இருந்தால் நல்லது. டாப் ட்யூபைக் கவ்வுகிற ரேக் என்றால் மேலே வந்த கோவை வாசகரின் கதைதான். ஹேண்டில்பாரைச் சுழலாதபடி ஒரு துணியால் ஃப்ரேமோடு கட்டிவிடுங்கள், இரண்டு சைக்கிள் என்றால் நடுவில் பழைய தலையணை. சைலன்சர் வாய் எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். அதன் புகை வீலுக்கு நேராகப் பட்டால் சில மணி நேரத்தில் டயரும் ரிம்மும் வெந்துவிடும். போய்ச் சேர்ந்ததும் சீட் போஸ்ட் போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மட்டும் இறுக்குங்கள். பெரும்பாலானவற்றில் 5 நியூட்டன் மீட்டர் அளவில் எழுதியிருக்கும். சீட் இறங்குகிறது என்று மேலே மேலே முறுக்காதீர்கள், வழுக்காமல் பிடிக்க வைக்கும் கார்பன் பேஸ்ட் தடவினால் நிற்கும்.

கேள்வி: செயின் ஸ்டேயில் கல் தெறித்து அரிசி அளவு பெயிண்ட் போயிருக்கிறது. தட்டினால் சத்தம் மாறவில்லை. என்ன செய்வது?
— ஈரோடு வாசகர்

பதில்: நகம் தட்டவில்லை, சத்தமும் மாறவில்லை என்றால் கவலை இல்லை. துடைத்துக் காயவைத்து, நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு கோட் வையுங்கள். காய்ந்தபின் பழைய டயர் ட்யூபிலிருந்து ஒரு பட்டை நறுக்கி அதன்மேல் சுற்றிக் கட்டுங்கள். மாதம் ஒரு தடவை பட்டையை அவிழ்த்து, அதே நாணயத்தால் தட்டிப் பாருங்கள்.